கரையோரத்துக் கோடைப் பள்ளி

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசப் புகுந்தோர் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியுமே பேசுவது வழக்கம். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இத்துறையின் பொருட்டுப் பொருத வரலாற்றையும், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்த செய்தியையும் நீங்கள் பலகாலும் கேட்டிருப்பீர்கள். பெயரிலேயே கப்பலையும் துறையையும் சேர்த்து வைத்திருக்கும் கப்பல்துறை என்னும் ஊரும் இப்பகுதியில்தான் இருக்கிறது. ஆயினும், இன்றைய பேச்சின் பொருள் கப்பலன்று. உலகத்தின் வேறு சில துறைமுக ஊர்களில், கோடைக் காலத்துச் சில வாரங்களில் நடந்துவரும் ஒரு வகைக் கல்வியைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். மருத்துவ ஆராய்ச்சியிலே கலாநிதிப் பட்டத்துக்காக உழைக்கும் மாணவர் கூடிப் பயிலும் கோடைப் பள்ளிகளே அவை. அப்பள்ளிகள் எதற்காகத் தோன்றின, அவற்றில் நடப்பது யாது, அவற்றால் விளைந்த நன்மை எத்தகையது, நம் கரையில் அத்தகைய பள்ளி ஒன்று அமையுமாயின் அது எதைக் கற்பிக்க வேண்டும் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலிலே கலாநிதிப் பட்ட மாணவர் ஒருவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடத்திலும் பல்கலைக்கழகத்திலும் அவர் பெற்றது, பிறர் கண்டுபிடித்தவற்றைக் கற்கும் கல்வி. கேள்வியும் நூலில் உண்டு. விடையும் நூலில் உண்டு. பட்ட ஆராய்ச்சி தொடங்கியதும் இந்த வசதி போய்விடுகிறது. மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அவர் உழல வேண்டும். விடை எந்த நூலிலும் இராது. பரிசோதனை பத்து முறை பிழைத்துப் போனால், பிழை எடுத்துக்கொண்ட கருத்திலா, கருவியிலா, தம் கையிலா என்பது அவருக்குத் தெரியாது. வழிகாட்டும் பேராசிரியருக்கோ வேறு பணிகள் பல. அச்சில் வரும் ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் வெற்றி பெற்ற பரிசோதனையையே கூறும். அவ்வெற்றிக்கு முன்னர் எத்தனை முறை தோற்றார்கள் என்பதைக் கூறுவதில்லை.

சமையற் புத்தகத்தைப் படித்துவிட்டு முதன்முறையாகப் பிட்டு அவிக்கப் போனவருக்கு இந்த இடர்ப்பாடு விளங்கும். மாவில் நீரைத் தெளித்துக் குழைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். ஆனால், எந்த அளவில் மா உதிரும், எந்த அளவில் கட்டிபடும் என்பதைத் தாயோ பாட்டியோ அருகிலிருந்து, "இந்தா, தொட்டுப் பார், இதுதான் பதம்" என்று காட்டினாலன்றி அறிய முடியாது. ஆராய்ச்சிக்கும் அப்படி ஒரு கைப்பதம் உண்டு. அதனை அருகிலிருந்து காட்டும் பொருட்டே கோடைப் பள்ளிகள் தோன்றின.

இவ்வுண்மையை வற்புறுத்தியோருள் முன்னோடியானவர் லூயி அகாசிஸ் என்பவர். சுவிற்சலாந்திலே பிறந்து, அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பித்தவர். அவரிடம் பூச்சிகளைப் பற்றிக் கற்கும் விருப்பத்தோடு சாமுவேல் ஸ்கடர் என்னும் இளைஞர் போய்ச் சேர்ந்தார். பேராசிரியர் சாராயத்தில் ஊறிய மீன் ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்து, "இதைப் பார்த்துக்கொண்டிரும்" என்ற பொருள்படச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடத்திலே பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று என்று மாணவர் எண்ணினார். பேராசிரியரோ திரும்பவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை. நேரம் போகாமையால் மாணவர் மீனைப் படமாக வரையத் தொடங்கினார். வரைய வரையத்தான், அதுகாறும் கண்ணிற் படாதிருந்த உறுப்புக்கள் பல தெரியலாயின. திரும்பி வந்த பேராசிரியர் அதனை மெச்சிய போதிலும், "இன்னும் சரியாகப் பார்க்கவில்லை" என்று மறுபடியும் அம்மீனிடமே அனுப்பினார். இவ்வாறு மூன்று நாட்கள் அந்த ஒரே மீன்தான் அவருக்குப் பாடம். பிற்காலத்திலே பூச்சியியலிற் பெயர் பெற்ற ஸ்கடர், தாம் கற்ற பாடங்களுள் அதுவே சிறந்தது என்று நன்றியோடு எழுதி வைத்தார்.

அகாசிஸ் 1873ஆம் ஆண்டு கோடையில், மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கடலில் உள்ள பெனிக்கீஸ் என்னும் சிறு தீவிலே ஒரு பள்ளியைத் தொடங்கினார். வணிகர் ஒருவர் அத்தீவையும் 50,000 டொலரையும் நன்கொடையாக அளித்திருந்தார். ஏறத்தாழ 50 மாணவர் கூடினர். பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள். அவர்களுட் பெண்களும் இருந்தனர். அக்காலத்தில் அது புதுமை. அவ்வாண்டு டிசம்பரில் அகாசிஸ் காலமாகிவிட, அடுத்த கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. இரண்டே கோடைகள் நடந்த பள்ளிதான். எனினும், அங்கே பயின்ற ஒருவர் அதனை மறக்கவில்லை. அவர் பெயர் சார்ல்ஸ் ஓட்டிஸ் விட்மன்.

அதற்குச் சற்று முன்னரே ஐரோப்பாவில் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அன்டன் டோர்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1872ஆம் ஆண்டிலே கடல் உயிரியல் நிலையம் ஒன்றை நிறுவத் தொடங்கியிருந்தார். அங்கே அவர் ஒரு புதிய ஏற்பாடு செய்தார். அதற்கு "மேசை" என்று பெயர். ஒரு நாட்டின் அரசோ பல்கலைக்கழகமோ ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுத்து ஒரு மேசையை வாடகைக்கு எடுக்கலாம். மேசை என்றால் வெறும் பலகை அன்று. அதனோடு தொட்டியும், இரசாயனப் பொருள்களும், நாள்தோறும் படகில் வந்து சேரும் உயிருள்ள கடற்பிராணிகளும் சேர்த்தே கிடைக்கும். எந்த நாட்டவராயினும் தம் நாட்டு மேசையில் அமர்ந்து ஆய்வு செய்யலாம். விட்மனும் அங்கே பணியாற்றியவர். 1888ஆம் ஆண்டில் மசாசூசெட்ஸ் கரையில், வுட்ஸ் ஹோல் என்னும் சிறு துறைமுக ஊரிலே கடல் உயிரியல் ஆய்வுகூடம் திறக்கப்பட்டபோது அவரே அதன் முதல் இயக்குநரானார். கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் நடைபெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1892ஆம் ஆண்டிலே உடற்றொழிலியற் பயிற்சியும், 1893ஆம் ஆண்டிலே முளையவியற் பயிற்சியும் தொடங்கின. அப்பயிற்சிகள் இன்றும் கோடைதோறும் நடைபெறுகின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் கலாநிதிப் பட்ட மாணவர்களும், பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்களும் அங்கே வருகின்றனர்.

மருத்துவ ஆராய்ச்சிக்கும் கடற்கரைக்கும் தொடர்பு யாது என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு நம் மீன் சந்தையிலிருந்தே விடை கூறலாம்.

நாம் கறிக்கு வாங்கும் ஊசிக் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலில் ஒரு வகைப் பெருநரம்பிழை உண்டு. மனிதனின் நரம்பிழைகளுள் மிகப் பருத்தவையும் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு அளவினவே. கணவாயின் பெருநரம்பிழையோ அரை மில்லிமீற்றர் முதல் ஒரு மில்லிமீற்றர் வரை பருமன் உடையது. அதனை 1936ஆம் ஆண்டில் விவரித்துக் காட்டியவர் யங் என்னும் ஆங்கில விலங்கியலாளர். நரம்பிலே செய்தி எவ்வாறு ஓடுகிறது என்று அறிய விரும்பியவர்களுக்கு அது பெரும் பேறாயிற்று. ஒரு நூலிழையின் உள்ளே மின்வாயைச் செலுத்துவது அரிது; ஒரு குழாயினுள்ளே செலுத்துவது இயலும் அல்லவா? ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கிலேயர், 1939ஆம் ஆண்டில் பிளிமத் துறைமுகத்து ஆய்வுகூடத்திலே அதனைச் செய்தனர். இரண்டாம் உலகப் போரால் தடைப்பட்ட வேலையை மீண்டும் தொடங்கி, 1952ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சோடியம் அயன்கள் நரம்பிழைக்குள்ளே பாய்வதும், பின்னர்ப் பொற்றாசியம் அயன்கள் வெளியேறுவதுமே நரம்புச் செய்தியின் அடிப்படை என்பது தெளிவாயிற்று. 1963ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கணவாய் தொட்டியில் நெடுநாள் உயிர் வாழாது. ஆகவே, அது கிடைக்கும் பருவத்தில், அது கிடைக்கும் கரைக்கே ஆராய்ச்சியாளர் போக வேண்டியதாயிற்று. கோடைப் பள்ளி கோடையில் நடப்பதற்கும் கடலோரத்தில் நடப்பதற்கும் காரணம் இதுதான்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். பந்து போல் உருண்டு முட்கள் சூழ்ந்திருக்கும் கடல் முள்ளெலியை நம் கரைப் பாறைகளிலும் காணலாம். அதன் முட்டைகள் ஆயிரக்கணக்கானவை. அவற்றை ஒரே நேரத்தில் கருக்கொள்ளச் செய்தால், அனைத்தும் ஒரே நேரத்தில் இரண்டாகவும், பின் நான்காகவும் பிரியத் தொடங்கும். ஓர் உயிர்க் கலம் எப்படி இரண்டாகிறது என்று பார்ப்பதற்கு இதனினும் வாய்ப்பான பொருள் அரிது. 1982ஆம் ஆண்டு கோடையில் வுட்ஸ் ஹோலில் இருந்த டிம் ஹண்ட் என்னும் ஆங்கிலேயர், இளைய ஆய்வாளர் சிலரோடு சேர்ந்து ஓர் எளிய பரிசோதனை செய்தார். முட்டைகள் புதிதாக உண்டாக்கும் புரதங்களைக் கதிரியக்கக் குறி இட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏனைய புரதங்கள் நேரம் செல்லச் செல்லப் பெருகின. ஒன்று மட்டும் பெருகிவந்து, கலம் பிரியும் வேளையிலே திடீரென மறைந்தது. மறுபடியும் தோன்றியது, மறுபடியும் மறைந்தது. சுற்றிச் சுற்றி வரும் அப்புரதத்துக்குச் சைக்கிளின் என்று பெயரிட்டார். கலப்பிரிவை ஏவும் பொறியின் ஒரு பகுதி அது எனப் பின்னர்த் தெரியவந்தது. புற்றுநோய் என்பது கலங்கள் கட்டுப்பாடின்றிப் பிரிவதே. ஆதலால், முள்ளெலி முட்டையிலே கண்ட செய்தி புற்றுநோய் மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது. டிம் ஹண்ட் 2001ஆம் ஆண்டில் ஹார்ட்வெல், நர்ஸ் ஆகியோரோடு நோபெல் பரிசு பெற்றார். சைக்கிளினோடு சேர்ந்து தொழிற்படும் நொதியத்தைத் தடுக்கும் மருந்து ஒன்று, மார்பகப் புற்றுநோய்க்கென 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மூன்றாவது எடுத்துக்காட்டு நம் ஒவ்வொருவரையும் தொட்ட ஒன்று. குதிரைலாட நண்டு என்று ஒரு கடற்பிராணி உண்டு. நண்டு என்று பெயரிருப்பினும் அது சிலந்தியினத்துக்கே நெருங்கிய உறவு. அதன் குருதி நீல நிறமானது. பிரெடரிக் பாங் என்னும் மருத்துவ அறிஞர், சில பற்றீரியாக்கள் உட்புகுந்தால் அக்குருதி உறைந்துவிடுகிறது என்பதை 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர் லெவின் என்பவரோடு சேர்ந்து, பற்றீரியாவின் நச்சுப்பொருள் அணுவளவு இருந்தாலும் குருதிச் சாறு உறைந்து காட்டிக்கொடுக்கும் என்று நிறுவினார். இன்று ஊசிமூலம் உடலிற் செலுத்தப்படும் மருந்துகளும் தடுப்பூசிகளும் தூய்மையானவையா என்று சோதிப்பதற்கு அம்முறையே பெரிதும் பயன்படுகிறது. அந்த உயிரினத்தை வதைக்காதபடி, அதே பொருளை ஆய்வுகூடத்திலே உண்டாக்கும் முறையும் இப்போது வந்திருக்கிறது. ஆகவே, ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி ஏற்றும்போது, தூரத்துக் கடற்கரை ஒன்றில் நடந்த கோடை ஆய்வும் அக்குழந்தைக்குக் காவலாய் நிற்கிறது எனலாம்.

இனி, இத்தகைய பள்ளியில் நாள் எவ்வாறு கழிகிறது என்று பார்ப்போம். காலையில் விரிவுரை; பிற்பகல் முதல் இரவு வரை பரிசோதனை; உணவு எல்லோருக்கும் ஒரே கூடத்தில். புகழ் பெற்ற பேராசிரியரும், நேற்று வந்த மாணவரும் ஒரே வரிசையிலே தட்டேந்தி நிற்பர். பேராசிரியரும் கையுறை மாட்டிக்கொண்டு மாணவர் பக்கத்தில் நின்று பரிசோதனை செய்வார். அவருடைய பரிசோதனையும் பிழைக்கும். இது மாணவருக்குப் பெரிய பாடம். தமக்குத்தான் கை ஓடவில்லை என்று ஓராண்டு மனம் நொந்திருந்த மாணவர், உலகம் அறிந்த அறிஞருக்கும் மூன்றாவது முறைதான் பலித்தது என்று கண்டால், அவர் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலைகளில் பொதுச் சொற்பொழிவு நிகழ்த்துவது வுட்ஸ் ஹோலின் நெடுநாளைய மரபு. சொற்பொழிவு முடிந்த பின்னர் நடக்கும் உரையாடலிலேதான் பல ஆய்வுகளுக்கு வித்து விழுகிறது.

வுட்ஸ் ஹோலின் வழியைப் பின்பற்றி வேறு இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று நியூயோர்க்கை அடுத்த கோல்ட் ஸ்பிரிங் துறைமுகத்திலே, 1945ஆம் ஆண்டு கோடையில் மாக்ஸ் டெல்புரூக் தொடங்கிய பயிற்சி. பற்றீரியாவைத் தாக்கும் வைரசுக்களைப் பற்றிய பயிற்சி அது. அதற்கு முந்திய ஆண்டிலே அவர் தம்மைச் சேர்ந்த ஆய்வாளரிடையே ஓர் உடன்பாடு கொணர்ந்தார். ஆளுக்கொரு வைரசை எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால் ஒருவர் முடிவை மற்றவர் முடிவோடு ஒப்பிட இயலாது. ஆகையால், எல்லோரும் குறித்த ஏழு வைரசுக்களையே ஆராய்வது என்பதே அவ்வுடன்பாடு. சந்தையில் எல்லோரும் ஒரே படிக்கல்லை வைத்து நிறுப்பது போன்றது அது. பௌதிகம் படித்தவர் பலர் அப்பயிற்சியில் வந்து உயிரியல் கற்றனர். மூலக்கூற்று உயிரியல் என்று இன்று நாம் வழங்கும் துறை வளர்ந்ததில் அக்கோடைகளுக்குப் பெரும் பங்குண்டு. டெல்புரூக், லூரியா, ஹேர்ஷி ஆகிய மூவரும் 1969ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

அதே ஊருக்குப் பின்னொரு காலத்திலே மாணவராகப் போனவருள் ஒருவர் சிதம்பரத்திலே பிறந்த தமிழர். வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1952ஆம் ஆண்டிலே பிறந்தவர், பரோடாவில் வளர்ந்தவர், 1976ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற பின்னர், தமக்கு ஏற்ற துறை உயிரியலே என்று கண்டு, மீண்டும் மாணவராகி அதனை அடியிலிருந்து கற்றார். உயிர்க் கலத்திலே புரதங்களை உண்டாக்கும் இறைபோசோம் என்னும் நுண்பொறியை ஆராயத் தொடங்கினார். அதன் வடிவத்தைக் காண, படிகங்களின் ஊடே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராயும் முறை அவருக்கு வேண்டியிருந்தது. 1980களின் இறுதியில், தாமே ஓர் ஆய்வுக்குழுவை நடத்தி வந்த காலத்தில், கோல்ட் ஸ்பிரிங் துறைமுகத்திலே நடந்த குறுகிய காலப் பயிற்சியில் மாணவராய் அமர்ந்து அம்முறையைப் பயின்றார். 2000ஆம் ஆண்டிலே அவர் குழுவினர் இறைபோசோமின் ஒரு பகுதியின் வடிவத்தை வெளியிட்டனர். நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் சில அதில் எங்கே சென்று பற்றிக்கொள்கின்றன என்பதும் அதனால் துலங்கிற்று. 2009ஆம் ஆண்டில் அவருக்கும் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நாற்பதை நெருங்கும் வயதிலே வேறு துறையின் அரிச்சுவடியைக் கற்கப் போய் அமர்ந்தாரே, அதனை நம் மாணவர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இப்பள்ளிகளின் பெருமையை மட்டும் பேசினால் உண்மை பாதிதான் சொல்லியதாகும். வுட்ஸ் ஹோலின் வரலாற்றிலே ஏர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட் என்னும் பெயரும் உண்டு. 1883ஆம் ஆண்டிலே தென் கரோலினாவிற் பிறந்த கறுப்பின அறிஞர் அவர். 1909ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது கோடைகள் அங்கே போய் உழைத்தார். கடற்பிராணிகளின் முட்டைகளைக் கெடாமற் கையாளும் திறத்தில் அவருக்கு நிகரானவர் சிலரே. பரிசோதனை பிழைத்த இளையோரும் முதியோரும் அவரிடம் வந்து பதம் கேட்டுப் போயினர். ஆயினும், அவருடைய நிறத்தின் காரணமாக அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களிலே பதவி கிடைக்கவில்லை. மனம் கசந்து 1929ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவை நாடினார். போர் மூண்டதால் நாடு திரும்பி, 1941ஆம் ஆண்டிலே காலமானார். அறிவைக் கையிற் பெற்றவருக்கு அமர மேசை கிடைக்கவில்லை. பள்ளி ஒன்று அமைப்போர் முதலிற் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அதன் வாயிலில் யார் யார் நுழைய முடியும் என்பதே.

நேயர்களே, இனி நம் கரைக்குத் திரும்புவோம். வாடைக் காற்று ஓய்ந்த பின்னர், சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையிலே திருகோணமலைக் கடல் அமைதியாய் இருக்கும். கரையை அடுத்தே ஆழ்கடல் இருப்பதால் நீலத் திமிங்கிலங்களும் இப்பக்கத்திலே தோன்றுகின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. இயற்கை தரவேண்டியதைத் தந்திருக்கிறது. இங்கே ஒரு கோடைப் பள்ளி அமையுமானால், வுட்ஸ் ஹோலின் பாடங்களை அப்படியே பெயர்த்து நடுவது போதுமா? போதாது. நம் நாட்டு நோய்களிலிருந்தே அதன் பாடங்கள் பிறக்க வேண்டும்.

மலேரியாவை எடுத்துக்கொள்வோம். 1934ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகியது. அதனைத் தொடர்ந்து மூண்ட கொள்ளைநோயிலே சுமார் 80,000 உயிர்கள் மாண்டன. 1940களின் நடுப்பகுதி முதல் டீ.டீ.டீ. மருந்து தெளித்ததன் பயனாய், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. நோய் ஒழிந்தது என்று காவல் தளர்ந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அது மீண்டும் பற்றியது. நெடிய போராட்டத்தின் பின், 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே மன்னாரில் வேறொரு நுளம்பு கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு ஸ்டீபென்சி அது. பழைய நுளம்பு ஆற்றங்கரைக் குட்டையை நாடியது. இது வீட்டுக் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் நாடுவது.

அந்த நுளம்பை யார் கண்டுபிடிப்பது? கிணற்று நீரை அகப்பையில் மொண்டு, அதிலே நெளியும் புழு எவ்வகையது என்று சொல்லத் தெரிந்தவரே கண்டுபிடிக்க முடியும். நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாகப் படுத்திருந்தால் அது அனோபிலிசுப் புழு. தலைகீழாகச் சரிந்து தொங்கினால் வேறு வகை. அனோபிலிசுக்குள்ளே எது ஸ்டீபென்சி என்று அறிய, வளர்ந்த நுளம்பின் இறகிலும் உணர்கொம்புகளின் அருகே நீண்டிருக்கும் உறுப்புக்களிலும் உள்ள புள்ளிகளையும் பட்டைகளையும் நுணுக்குக்காட்டியிலே பார்க்க வேண்டும். அகாசிஸ் தம் மாணவரை மூன்று நாள் மீனிடத்தே இருத்தினாரே, அந்தப் பாடம் இங்கேதான் உதவுகிறது. பார்க்கத் தெரிந்த இருபது பேர் கரையோர ஊர்களிலே பரவி இருந்தால், மலேரியா மறுபடி நுழையும் வாயிலிலே இருபது காவலர் நிற்கிறார்கள் என்பது பொருள்.

பாம்புக்கடியும் அத்தகையதே. இலங்கையிலே வழங்கும் நஞ்சுமுறி மருந்து நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து வருவது. நாகம், எண்ணெய்விரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்றெல்லாம் ஊருக்கு ஊர் வேறுபட வழங்கும் பெயர்களிலேயே குழப்பம் உண்டு. நஞ்சிலும் வேறுபாடு உண்டு. ஒரே இனப் பாம்பாயினும் நாட்டுக்கு நாடு நஞ்சின் கூறுகள் மாறுகின்றன. இலங்கையில் அடிக்கடி கடிக்கும் மூக்கு மேல்வளைந்த சிறு விரியன் ஒன்றின் நஞ்சை அந்த இந்திய மருந்து முறிப்பதில்லை. வடமத்திய மாகாணத்து உழவரிடையே 1990கள் முதல் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. இவற்றுக்கு விடை காண வேறு நாட்டார் வந்து உதவலாம். ஆனால், கடியுண்டவர் எந்த வயலில் நின்றார், எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்று அவர் மொழியிலே கேட்டறிந்து ஆராயக் கூடியவர் இந்நாட்டு மாணவரே.

ஆகையால், நம் கரையில் அமையும் பள்ளிக்கு மாளிகை வேண்டியதில்லை. நுணுக்குக்காட்டி வைத்த சில மேசைகள் வேண்டும். வள்ளத்திலே போய்வர மீனவர் துணை வேண்டும். வைத்தியசாலையிலே நோயாளியைக் கண்டு பழகிய வைத்தியரும், ஆய்வுகூடத்திலே பழகிய விஞ்ஞானியும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண ஒரு கூடம் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் பேராதனையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் மாணவர் வரவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஐயம் கேட்க அச்சமில்லாதிருக்க வேண்டும். கட்டணம் செலுத்த இயலாதவருக்கும், குழந்தையை விட்டுவர இயலாத தாய்க்கும் அங்கே இடம் இருக்க வேண்டும். பிழைத்த பரிசோதனையை மறைக்காமல் எடுத்துச் சொல்பவரை அங்கே மதிக்க வேண்டும்.

பெனிக்கீஸ் தீவுப் பள்ளி இரண்டு கோடைகளே நடந்தது. ஆனால், அங்கே இருந்து கற்ற ஒருவர் வுட்ஸ் ஹோலை வளர்த்தார். அங்கே கற்றவர்கள் வேறு இடங்களை வளர்த்தார்கள். பள்ளி சிறிதாயினும், அதிற் பயின்றவர் பார்க்கக் கற்றுக்கொண்டால் அது தொடர்ந்து வாழும். கப்பல்துறையிலிருந்தோ மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ இந்தப் பேச்சைக் கேட்கும் மாணவன் அல்லது மாணவி ஒருவர், நாளைக் காலையிலே வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குவளை நீரை எடுத்து வெளிச்சத்திலே பிடித்து, பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடாமல் மறுபடியும் பார்ப்பாரானால், அந்தப் பள்ளியின் முதற் பாடம் தொடங்கிவிட்டது என்றே கொள்வேன்.